பூப்பாத்திக்கு முட்டுக்கொடுத்தவன்

கோலார் மைன்ஸ், மாரிகுப்பம்
1896 ஜூன் 14, ஞாயிறு

இயேசு மரி சூசை மூவரும் உன்னைக் காக்கட்டும். அதற்குப் பிறகு அவர்களுக்கு நேரமிருந்தால் என் இடுப்பையும் கொஞ்சம் கவனிக்கட்டும்.

மகள் மரியகுழந்தைக்கு அப்பா சகாயம் எழுதுவது. நான் இங்கே சுகம். ஆம்பூரில் நீ, மாப்பிள்ளை, சம்பந்தியம்மாள் எல்லாரும் சுகமாயிருக்க வேண்டும். பிள்ளை ஓயாமல் உதைக்கிறது என்று எழுதியிருந்தாய். நீயும் உன் அம்மா வயிற்றில் அப்படித்தான் உதைத்தாய். பிறந்த பிறகும் நிறுத்தவில்லை. உதை வாங்குகிற ஆள் மட்டும் மாறியது, அவ்வளவுதான்.

இப்போது சங்கதி. எனக்கு உத்தியோக உயர்வு. சிரிக்காதே. பத்து வருஷம் பூமிக்கு அடியில் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுத்தவனை மைன்ஸ் கேப்டன் துரை தம் பங்களாத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். ஒரே மாதத்தில் ஆயிரம் அடி உயர்ந்தவன் இந்த மைன்ஸிலேயே நான் ஒருவன்தான்.

பங்களா வாசலுக்கு எதிரே ஒரு பூப்பாத்தி. முப்பது அடி நீளம், ஆறடி அகலம். முன்னால் இருந்த துரைசானி போட்டதாம். சுற்றிலும் வரம்புக்குப் பலகை நட்டிருக்கிறார்கள். நட்டபோது அது பலகை. இப்போது தொட்டால் நனைந்த ரொட்டி மாதிரி கையோடு பிய்ந்து வருகிறது. உள்ளே கறையான் குடித்தனம் நடத்துகிறது. ஒரு மூலையில் காளான் காது காதாக முளைத்து, நான் திட்டுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பலகை போகட்டும் என்றால், மண்ணுக்குள் மண்ணே இல்லை, எல்லாம் வேர். பத்தடி தள்ளி ஒரு புங்க மரம் நிற்கிறது. தண்ணீர் ஊற்றுகிற இடம் இதுதான் என்று கண்டுகொண்டு அத்தனை வேரையும் இங்கே அனுப்பியிருக்கிறது. மண்வெட்டியைப் போட்டால் கயிற்றுக் கட்டிலில் போட்டதுபோல எகிறித் திரும்புகிறது. நடுவே மூன்று ரோஜாச் செடிகள் குச்சியாக நிற்கின்றன. பிடுங்கினால் வரவில்லை. புங்கன் அவற்றை விடமாட்டேன் என்கிறான். இப்போதைய துரைசானி ஆகஸ்டு மாதம் நீலகிரியிலிருந்து வருகிறார். அதற்குள் பாத்தி புதிதாக வேண்டும் என்று கேப்டன் ஒருமுறை சொன்னார். பட்லர் ஆர்தர் அதையே காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் எனக்குச் சொல்லிவருகிறார்.

ஆகையால் குழந்தே, ஏழாம் மாதம் முடியுமுன் உன்னைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர என்னால் இயலாதுபோல் இருக்கிறது. வளையல் அடுக்கிவிட்டார்களா? பாத்தி முடியட்டும், வருகிறேன். சம்பந்தியம்மாளுக்கு என் தோத்திரம் சொல்.

உன் அப்பா
சகாயம்


ஆம்பூர்
ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். இடுப்பு, காளான், ரொட்டி எல்லாம் வாசித்தேன். தாங்கள் வரமுடியாது என்று எழுதிய இடத்தை மட்டும் தாண்டிவிட்டேன். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மூச்சு எங்கே இழுக்கிறேன் என்று தெரியும். "எல்லாஞ் சரி, எப்ப வர்றாராம் உங்கப்பா?" என்று கேட்டார். பூச்செடி வேலை இருக்கிறது என்றேன். "பொண்ணைவிடப் பூச்செடி ஒசத்தியா? பூமிக்குள்ள கெடந்து கெடந்து அந்தாளுக்கு மேல வர்ற வழியே மறந்துபோச்சு" என்றார்.

வளையல் போன ஞாயிற்றுக்கிழமை அடுக்கினார்கள். பிறந்த வீட்டு வளையல் வைக்கிற தட்டு காலியாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் தன் கையிலிருந்து இரண்டைக் கழற்றி அதில் வைத்தார். நான் அழவில்லை, வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.

அப்பா, நான் கேட்பது பலகாரத்துக்கும் வளையலுக்கும் அல்ல. தங்களுக்குத் தெரியும். தாங்கள்தான் இந்த வீட்டை விசாரித்தீர்கள். இவருடைய மூத்தாள் பிரசவத்தில் போனாள் என்பதைத் தெரிந்துதான் என்னைக் கொடுத்தீர்கள். நல்ல மனுஷர், தோல் கிடங்கில் நிரந்தர வேலை என்றீர்கள். நல்ல மனுஷர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தாங்கள் பார்க்காதது ஒன்று இருக்கிறது. பின்கட்டில் ஓர் இருட்டறை. அதில் ஒரு கட்டில். கட்டிலுக்கு மேலே உத்திரத்திலிருந்து ஒரு கயிறு தொங்குகிறது. வலி வரும்போது பிடித்துக்கொள்வதற்காக மூத்தாளுக்குக் கட்டியது. அவள் போய் இரண்டு வருஷமாகியும் அதை யாரும் அவிழ்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "எப்படியும் வேணும்தானே" என்றார் அத்தை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிக்கனத்தில் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அந்தக் கயிற்றில் கை படுகிற இடம் வழவழப்பாக இருக்கிறது.

ஜூலை ஆறாம் தேதிக்குமேல் எனக்கு எட்டாம் மாதம். எட்டில் பிரயாணம் கூடாது என்று அனுப்பமாட்டார்கள். அதற்கு முன்னால் வாருங்கள். ஒரு நாள் போதும். வேர் எங்கேயும் ஓடிப்போகாது.

தங்கள் மகள்
மரியகுழந்தை


மாரிகுப்பம்
ஜூன் 28, ஞாயிறு

மகள் மரியகுழந்தைக்கு,

உன் கடிதத்தை நாலுதரம் வாசித்தேன். நாலாந்தரம் வாசிக்கும்போது ஆர்தர் வந்து, "மேஸ்திரி, காகிதத்துக்குக் களை எடுக்கிறீரா?" என்றார். பாவி, நல்ல கேலிதான்.

வேர் ஓடிப்போகாது என்று எழுதினாய். அம்மாடி, நீ இந்தப் புங்கனைப் பார்த்ததில்லை. வெட்டின வேருக்கு மறுவாரமே இரண்டு தளிர் விடுகிறது. பாத்திக்குள் மட்டும் வெட்டினால் துரைசானி வந்து செடி நட்ட கையோடு திரும்பவும் உள்ளே வந்துவிடும் என்று கண்டுகொண்டேன். மரத்தை வெட்டலாம் என்றால், அந்த நிழலில்தான் கேப்டன் துரை நாற்காலி போடுகிறார். ஆகவே மரத்துக்கும் பாத்திக்கும் நடுவே நீளமாகப் பள்ளம் எடுத்து, குறுக்கே வருகிற வேரையெல்லாம் வாளால் அறுத்து, பள்ளத்தில் தகரத்தை நிறுத்திப் புதைத்து வழியை அடைப்பதாக ஏற்பாடு. இது நானே யோசித்தது. மூன்றாம் வகுப்போடு உபதேசியாருக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்கூடம் மூடாமல் இருந்திருந்தால் நான் இஞ்சினியராகியிருப்பேன், உனக்கும் பெரிய இடத்தில் சம்பந்தம் கிடைத்திருக்கும்.

பலகையெல்லாம் எடுத்து எரித்தாகிவிட்டது. எரியக்கூட அதற்குத் தெம்பில்லை, புகைந்தது. வரம்புக்கு இனி மரம் வேண்டாம், கல் நிறுத்துகிறோம். கொத்தன் கல்லைப் பிளந்துகொண்டிருக்கிறான். பள்ளம் நெஞ்சளவு ஆழம். மண் சரியாமல் இருக்க மூன்றடிக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் மரம் நிறுத்தி, குறுக்கே கட்டை கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறேன். பூப்பாத்திக்கு முட்டுக்கொடுத்தவன் உலகத்திலேயே நீர்தான் என்று ஆர்தர் தினமும் ஒரு விருந்தாளியை அழைத்துவந்து காட்டுகிறார். முன்ஜாக்கிரதை நல்லதுதானே.

தகரம் வர நாளாகும் என்கிறார்கள். பள்ளத்தைத் திறந்தபடி விட்டுவிட்டு நான் எங்கும் போகமுடியாது. ஒன்பதாம் மாதத்திலும் அழைத்துவரலாம், அதுவும் முறைதான். உன் அம்மாவை அவள் அண்ணன் ஒன்பதில்தான் அழைத்துப்போனான். வீட்டில் உன் அம்மா புழங்கின பானை சட்டியெல்லாம் நீ விட்டுப்போனபடியே என்னிடம் இருக்கின்றன. அந்த அறைப்பக்கம் போகாதே. சமையலறையிலேயே இரு.

உன் அப்பா
சகாயம்


ஆம்பூர்
ஜூலை 12

அப்பாவுக்கு,

ஏனோக்கு அண்ணன் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தது. மைன்ஸ் லைன் வீடுகளில் நம்மோடு குடியிருந்த அண்ணன்தான். இங்கேயும் வந்து பார்த்தது. அத்தை காப்பி கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக் கூரையை மழைக்கு முன்னால் மாற்றினாரா அப்பா என்று கேட்டேன். அண்ணன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த வூடும்மா?" என்று கேட்டது. பிறகு அத்தை முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றியது. வாசல்வரை கூடப்போய் விடாமல் கேட்டேன். நம்முடைய தட்டி வீட்டில் ஈஸ்டரிலிருந்து வேறு ஆள் குடியிருக்கிறதாம். கருவேப்பிலைச் செடியை அவர்கள் ஆடு தின்றுவிட்டதாம். மீதியை உங்கப்பாவையே கேளம்மா என்று போய்விட்டது.

ஈஸ்டரிலிருந்து. இது ஜூலை.

நீ எங்கே படுக்கிறாய்? எங்கே சமைக்கிறாய்? பானை சட்டி என்னிடம் இருக்கிறது என்று எழுதினாயே, என்னிடம் என்றால் எங்கே? ஆயிரம் அடி உயர்ந்தேன் என்று எழுதினாய், நான் சிரித்தேன். இவரிடமும் சொல்லிச் சிரித்தேன். எத்தனை மாதமாக என்னைச் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறாய்?

உனக்கு என்னை அழைத்துப்போக மனமில்லை என்றால் மனமில்லை என்று எழுது. நான் தாங்கிக்கொள்வேன். இடமில்லை என்றால் இடமில்லை என்று எழுது. அதையும் தாங்கிக்கொள்வேன். வேர், வேர் என்று எழுதாதே. கிணற்றுக்குப் போனால் அந்த அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தரம் போகிறேன். சமையலறையிலேயே இரு என்று எழுதுகிறாய்.

குழந்தை


மாரிகுப்பம்
ஜூலை 19, ஞாயிறு

குழந்தே,

என்னைத் திட்டி எழுதியதில் எனக்குப் பாதி சந்தோஷம். 'தாங்கள், தங்கள்' என்று நீ எழுதினால் கோர்ட்டிலிருந்து காகிதம் வந்த மாதிரி இருக்கிறது. மற்றப் பாதியை இனி எழுதுகிறேன். நடுவில் நான் எங்கேயாவது வேடிக்கை பண்ணினால், அது எனக்கு நடுங்குகிற இடம் என்று வைத்துக்கொள்.

மார்ச்சு மாதம் சூசையப்பர் திருநாளுக்கு மறுநாள், கீழே எங்கள் லெவல் சுரங்கத்தில் நானும் முனிரத்தினமும் பழைய முட்டுகளை எடுத்துவிட்டுப் புதிது வைத்துக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து பாறை இறங்கிவிட்டது. முனிரத்தினம் வெளிப்பக்கம் இருந்தான், தப்பினான். நான் உள்பக்கம். என்மேல் ஒன்றும் விழவில்லை. நான் வைத்து முடித்திருந்த இரண்டு முட்டு தாங்கிக்கொண்டது. ஆனால் முன்னும் பின்னும் அடைத்துப்போயிற்று. உட்கார இடமிருந்தது, எழுந்திருக்க இடமில்லை. மெழுகுவர்த்தி சீக்கிரம் தீர்ந்துவிட்டது. ஜெபமாலை சொன்னேன். மூன்றாம் பத்தில் எண்ணிக்கை தப்பியது, முதலிலிருந்து தொடங்கினேன், மறுபடி தப்பியது. ஒன்றரை நாள். மாதா அந்த ஒன்றரை நாள் என்னிடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறகு பாறையைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. உனக்கு எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அப்போதுதான் நீ முழுகாமல் இருக்கிறாய் என்ற கடிதமும் வந்திருந்தது.

அடுத்த வாரம் வேலைக்குப் போனேன். ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜ் கூண்டு வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். என் கால் ஏறவில்லை. என் சொந்தக் கால்தான், வீட்டிலிருந்து நான்தான் நடத்திக்கொண்டு வந்தேன், அங்கே வந்ததும் கேட்கவில்லை. கேஜ்காரன் முனியப்பன், "இன்னா மேஸ்திரி, மாமியா வூட்டுக்குப் போற பொண்ணு மாரி நிக்கிற?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அங்கேயே நின்றேன். கேஜ் போய்விட்டது. இப்படி மூன்று நாள்.

லைன் வீடு கீழே இறங்குகிறவர்களுக்குத்தான். ஈஸ்டர் கழிந்து காலி செய்தேன். கேப்டன் இரக்கப்பட்டுத் தோட்டத்தில் போட்டார், பாத்தி முடிகிறவரைக்கும். உரமூட்டையும் மண்வெட்டியும் வைக்கிற கொட்டகையில் படுத்துக்கொள்கிறேன். உன் அம்மாவின் பானைகளை அங்கேதான் அடுக்கியிருக்கிறேன். பங்களா காம்பவுண்டுக்குள் வேலைக்காரன் குடும்பம் தங்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். உன்னை அழைத்துவந்து எங்கே படுக்கவைப்பேன்? அதனால்தான் வேர் வேர் என்று எழுதினேன்.

பள்ளத்துக்கு முட்டுக்கொடுத்தது முன்ஜாக்கிரதை இல்லை. இடுப்பளவுக்குமேல் இறங்கினால் எனக்கு மூச்சு அடைக்கிறது. மேலே வானம் தெரிகிறது, ஆர்தர் நின்று வேடிக்கை பார்க்கிறார், பக்கத்தில் கோழி மேய்கிறது, ஆனாலும் அடைக்கிறது. ஒவ்வொரு முட்டாக அடித்துக்கொண்டு, அடித்த முட்டுக்குக் கீழே மட்டும் நின்று தோண்டினேன். நாலடிப் பள்ளத்தில் சாகப் பயந்தவன் உன் அப்பன்.

மூத்தாள் சங்கதி தெரிந்துதான் உன்னைக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தாய். இல்லை. மாப்பிள்ளையின் வேலையை விசாரித்தேன், குடிப்பாரா என்று விசாரித்தேன், பூசைக்குப் போவாரா என்று விசாரித்தேன். மூத்தாள் எப்படிப் போனாள் என்று கேட்டால் சம்பந்தம் கலைந்துவிடுமோ என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

அப்பா


ஆம்பூர்
ஜூலை 26

அப்பா,

கடிதம் வந்தது. இவரிடம் மட்டும் காட்டினேன். இவர் வாசித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் எனக்காக இரண்டு குடம் தண்ணீர் எடுத்துவைத்தார். பிறகு வந்து, "மாமாவை ஒண்ணும் கேக்காத" என்றார். அவ்வளவுதான்.

மாமியார் வீட்டுக்குப் போகிற பெண்போல நின்றாய் என்று அந்த ஆள் சொன்னதில் ஒரு தப்பு இருக்கிறது. நான் நிற்கவில்லை. நீ சொன்னாய், வண்டி ஏறிவிட்டேன்.

அத்தையிடம் கட்டிலை முன்கட்டுக்கு மாற்றிப்போடலாமா என்று கேட்டேன். முன்கட்டில் பிரசவம் பார்த்தால் ஊர் சிரிக்கும் என்றார்கள். மருத்துவச்சி யார் என்று கேட்டேன். மூத்தாளுக்குப் பார்த்த அதே அம்மாள். "அவ கைராசி நல்ல கைராசிதான், அன்னிக்கு நேரம் சரியில்ல" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்கள். அத்தைக்கும் பயம் இருக்கிறது. பயத்தில் எல்லாவற்றையும் முன்னைப்போலவே செய்யப்பார்க்கிறார்கள்.

ஆகஸ்டு ஆறாம் தேதி ஒன்பது பிறக்கிறது. இருபதுக்குள் யாரும் அழைக்க வராவிட்டால் இங்கேயே என்று சொல்லிவிட்டார்கள். உன்னை வா என்று எழுதவில்லை. தேதியைத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். கொட்டகையில் பாம்பு வரும், தரையில் படுக்காதே.

குழந்தை


மாரிகுப்பம்
ஆகஸ்டு 3, திங்கள்

குழந்தே,

வெள்ளிக்கிழமை கேப்டன் துரை பள்ளத்தைப் பார்க்க வந்தார். தகரம் வராததால் பள்ளம் திறந்தபடியே, பத்து முட்டும் வரிசையாகத் தெரிந்தபடி இருந்தது. இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்பார், ஆர்தர் இன்னொருதரம் சிரிப்பார் என்று மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரை குனிந்து பார்த்தார். பூட்ஸ் காலால் ஒரு கட்டையை உதைத்தார். அசையவில்லை. ஆப்பைத் தட்டிப் பார்த்தார். பள்ளத்துக்குள் இறங்கி, கடைசி முட்டில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஒரு மண்கூட உதிரவில்லை. ஏறிவந்து என் முகத்தைப் பார்த்தார். என் பயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவருக்குத் தெரிந்தது வேறு. துரைக்குத் தமிழில் ஏவல் மட்டும்தான் வரும். "சகாயம், பூ வேலை வேண்டாம். நீ கீழே போ. அடுத்த மண்டே" என்றார். கை கொடுத்தார். நான் என் கையைத் துடைத்துக்கொள்வதற்குள் கொடுத்துவிட்டார்.

மீதியை ஆர்தர் விளக்கினார். கீழே புது லெவலில் முட்டு வைக்கத் தேர்ந்த ஆள் போதவில்லையாம். இப்படி ஒரு கை மண்ணில் வீணாகிறதே என்று துரை வருத்தப்பட்டாராம். பழையபடி மேஸ்திரி வேலை, முன்னைவிடப் பெரிய தட்டி வீடு, லைனில் முதல் வரிசை. பக்கத்து வீடு யார் தெரியுமா, கங்கம்மா. உன் அம்மா ஊரில் பிரசவம் பார்த்து உன்னை எடுத்த அதே கங்கம்மா, இப்போது இங்கேதான். இந்த வருஷம் மட்டும் லைனில் பதினாறு பிள்ளை எடுத்திருக்கிறாள், எல்லாம் அழுதுகொண்டே வந்ததாம். மாட்டேன் என்றால் பாத்தி முடிகிற அன்றோடு தோட்டமும் இல்லை, கொட்டகையும் இல்லை.

பயத்தில் அடித்த ஆப்பை வேலைத்திறமை என்று ஒருவன் எடுத்துக்கொண்டால் அவனிடம் என்ன சொல்வது? துரை, இது நடுக்கம், என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழிலும் வாய் வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கேஜ் இறங்குகிற ஷாஃப்ட் குழி வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தேன். தூரத்தில் நின்றுதான். கேஜ் மேலே வந்தது, கீழே போனது. எட்டுதரம். ஒன்பதாம் தரம் வருமுன் திரும்பிவிட்டேன்.

பத்தாம் தேதி திங்கட்கிழமை. இன்னும் ஏழு நாள் இருக்கிறது. எனக்காக வேண்டிக்கொள். எதற்கென்று நானே இன்னும் முடிவு செய்யவில்லை, பொதுவாக வேண்டிக்கொள்.

அப்பா


ஆம்பூர்
ஆகஸ்டு 6

அன்புள்ள அப்பா,

இறங்கவேண்டாம். இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் நன்றாக யோசித்துவிட்டேன். இங்கே ஒன்றும் குறையில்லை. அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். வெளிச்சத்துக்கு ஒரு ஓட்டை எடுத்து எடுத்துவிட்ட மாதிரிதான், இவர் ஆள் பார்த்துவிட்டார். எனக்கும் பழகிவிட்டது. நேற்று அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன், நன்றாகத் தூக்கம் வந்தது. மருத்துவச்சி அம்மாள் வந்து வயிற்றைப் பார்த்துவிட்டுத் தலை சரியாக இருக்கிறது என்று சொன்னார்கள். நல்ல அம்மாள். எல்லாப் பெண்களும் பிறந்த வீட்டுக்கா போகிறார்கள்? அம்மா இல்லாதவர்களுக்கு அந்த வழக்கம் எதற்கு என்று அத்தைகூடச் சொன்னார்கள்.

நீ தோட்ட வேலையே கேட்டுப்பார். கிடைக்காவிட்டால் இங்கே வந்துவிடு. தோல் கிடங்கில் காவல் வேலை இருக்கிறதாம், இவர் சொல்லி வைக்கிறேன் என்றார். உன்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

நீ அந்த ஒன்றரை நாளைப்பற்றி எழுதியதிலிருந்து எனக்கு ஒரே நினைவு. எழுந்திருக்க இடமில்லை என்று எழுதியிருந்தாயே. எனக்காக நீ திரும்ப அங்கே போனாய் என்று தெரிந்தால் நான் எப்படி அங்கே வந்து படுப்பேன்? வேண்டாம் அப்பா. உடனே பதில் எழுது.

குழந்தை


மாரிகுப்பம்
ஆகஸ்டு 11, செவ்வாய்

என் குழந்தே,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. தபால்காரருக்குக் காலில் ஆணியாம், மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து இங்கே வர இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டார். அவர் காலை எல்லாரும் திட்டுகிறார்கள், நான் மட்டும் திட்டமாட்டேன். ஞாயிற்றுக்கிழமையே அது வந்திருந்தால் சந்தோஷமாக உன் பேச்சைக் கேட்டிருப்பேன். நேற்றுக் காலை இறங்கிவிட்டேன்.

எப்படி என்று கேட்பாய். வீரம் ஒன்றும் இல்லை. கேஜ் வாசலில் போன தடவை மாதிரியே கால் நின்றுவிட்டது. முனியப்பன் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. முனிரத்தினம் சொல்லி வைத்திருப்பான் என்று நினைக்கிறேன். "குந்திக்க மேஸ்திரி. தரையில குந்திக்க. ஒருத்தனும் பாக்கல" என்றான். நிற்க வராத கால் உட்கார வந்தது. தவழ்ந்தே உள்ளே போனேன் என்று சொல்லலாம். கேஜ் தரையில் குந்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு பேரும் என்னைச் சுற்றி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவனும் திரும்பவில்லை. கீழே போய்ச் சேர்ந்தபோது என் வேட்டி நனைந்திருந்தது, அது வேர்வை இல்லை. அதைப்பற்றியும் ஒருவனும் பேசவில்லை. வேலை செய்தேன். நாலு முட்டு வைத்தேன். கை நடுங்கினாலும் ஆப்பு நேராகத்தான் போயிற்று. இன்றைக்கும் அப்படியே குந்தித்தான் இறங்கினேன். பயம் ஒரு ஆழாக்குகூடக் குறையவில்லை. குறையும் என்றும் தோன்றவில்லை.

பாத்தி சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை தகரம் வந்தது. இறக்கிப் புதைத்து, முட்டுகளை எடுத்துவிட்டுப் பள்ளத்தை மூடினோம். கல் வரம்பு நேராக நிற்கிறது. செம்மண்ணும் மக்கின எருவும் கொட்டிக் கிளறி வைத்திருக்கிறேன். துரைசானி ரோஜா வைப்பாரோ புல் வைப்பாரோ, அது வேறொருவன் பாடு.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் வயதில் நான் உன்னைவிட நன்றாகப் பொய் சொல்வேன். அந்தக் கட்டிலில் படுத்தேன், தூக்கம் வந்தது என்று எழுதியிருக்கிறாய். ஓட்டை எடுத்து எடுத்துவிட்ட மாதிரி என்று ஒரே வார்த்தையை இரண்டுதரம் எழுதியிருக்கிறாய். கன்னியாஸ்திரீ அம்மாளிடம் எழுத்துப் படித்தவள் இப்படி எழுதமாட்டாள். உன் கை நடுங்குவது எனக்குத் தெரிகிறது. நடுங்குகிற கை எப்படி எழுதும் என்று இந்த மைன்ஸில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது.

தோல் கிடங்குக் காவலைப்பற்றி மாப்பிள்ளை சொன்னாரே, அவருக்கு என் நன்றியைச் சொல். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீ பிரசவமாகி எழுந்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, உன்னைத் திருப்பி அனுப்புகிறவரைக்கும் எனக்கு இந்த வீடு வேண்டும். வீடு வேண்டும் என்றால் கேஜ் வேண்டும். அதற்குமேல் ஒரு நாள்கூட இறங்குவேனா என்று என்னைக் கேட்காதே. நான் என்னையே கேட்பதில்லை.

வீடு நேற்றுச் சாயங்காலம் கைக்கு வந்தது. புதுத் தட்டி, மூங்கில் வாசனை இன்னும் போகவில்லை. கிழக்கே பார்த்த வாசல். சாணி போட்டு மெழுகக் கங்கம்மா ஆள் அனுப்பினாள். கட்டில் இல்லை. கயிறும் இல்லை. "எங்கைய புடிச்சிக்கட்டும், அதுக்கு இன்னாத்துக்குக் கயிறு" என்றாள் கங்கம்மா.

சனிக்கிழமை மாதா பரலோகம் போன திருநாள், எங்களுக்கு வேலை இல்லை. காலை ரயிலில் புறப்பட்டு, பௌரிங்பேட்டையிலும் ஜோலார்பேட்டையிலும் வண்டி மாறி, விளக்கு வைக்குமுன் ஆம்பூரில் இருப்பேன். வளையல் வாங்கி வைத்திருக்கிறேன், பச்சை. சம்பந்தியம்மாள் திட்டினால் திட்டட்டும், நின்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சொல்கிறதில் பாதிக்குமேல் நியாயம். ஆனால் உன்னை அழைத்துக்கொள்ளாமல் திரும்பமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் புறப்பட்டுவிட வேண்டும், ஏனென்றால் திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் எனக்கு.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே வந்தபிறகு, நான் வேலைக்குப் புறப்படும்போது சோற்றுத்தூக்கைக் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுவிடு. ஷாஃப்ட் பக்கம் என்னோடு நடந்து வராதே. அங்கே நீ நிற்பதைப் பார்த்தால் நான் குந்த வெட்கப்படுவேன். குந்தாவிட்டால் இறங்கமாட்டேன்.

உன் அப்பா
சகாயம்